ஜன்னல் வரிசை சப்ளையர்

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள் ஆறு பேர். நடை பழகிக்கொண்டிருந்த பாய். பாயின் வீட்டம்மா, மடியில் மாத்திரைப் பையோடு. எங்கள் பிசியோ டாக்டரம்மா. தோள்பட்டைக்கு ஒத்தடம் வைத்துக் கட்டிலில் படுத்திருந்த பழைய மில் வாட்ச்மேன். தண்ணீர் கேன் போட வந்த ஆள். ஆறாவது நான்.

இவ்வளவு சரியாக எப்படி ஞாபகம் என்றால், எங்கள் இடத்தில் யாராவது விழுந்தால் எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. அதில் முதல் கேள்வியே ‘அப்போது யார் யார் இருந்தார்கள்’ என்பதுதான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். எழுத்து கோணிக்கொண்டு போகும். ஆறு பேரை எழுத அரைமணி நேரம் பிடித்தது. அடுத்த கேள்வி ‘எப்படி விழுந்தார்’. அதற்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘நான் பேச்சுக் கொடுத்தேன். விழுந்துவிட்டார்’ என்று எழுதினேன்.

பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்டவர்களுக்கு நடை பழக்குகிற இடம் அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் அங்கே அட்டெண்டர். நடக்கிறவருக்கு ஒரு எட்டுப் பின்னால், அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைத் தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள் நான். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள். மற்ற இடங்களில் இதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன். டாக்டரம்மா மட்டும்தான், “இந்த வேலைக்கு உங்கள மாதிரி பயப்படுற ஆளுதாங்க்கா வேணும்” என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். எங்களை ஏசும்போதுகூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் ஏசுவார்.

பாய் வந்து அப்போது ஆறு வாரம். இடது பக்கம் இழுத்திருந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குக் கைத்தடி இல்லாமல் மஞ்சள் கோட்டின்மேல் பத்து எட்டு அழகாக நடந்தார். அப்போது கேன்காரர் உள்ளே வந்தார். தரை ஈரமாகிவிடுமோ என்று நான் அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பியவள் சும்மா இருந்திருக்கலாம். காலையில் பாயின் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது மனதில் அரித்துக்கொண்டே இருந்ததால், “பாய், மாத்திரை எல்லாம் போட்டீங்களா, எதும் விட்டுப்போச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் “ஆங்” என்றுவிட்டு நடந்திருப்பார்கள். பாயிடம் அது நடக்காது. கேட்டதற்கு முழுதாகப் பதில் வரவேண்டும்.

“பிரசர் மாத்திரை ஒண்ணு, வெறும் வயித்துல. சுகருக்கு ஒண்ணு, இட்லிக்கு முன்னாடி. ரத்தம் கட்டாம இருக்க ஒண்ணு…”

மூன்றாவது மாத்திரையில் இடது கால் தரையில் ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. நான் கையை நீட்டுவதற்குள் பாய் பக்கவாட்டில் சரிந்து, முழங்கை அடிபட, தரையில் கிடந்தார். ஆறு பேரில் ஐந்து பேர் கத்தினோம். பாய் கத்தவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

“கொழுப்புக்கு ஒண்ணு. அது ராத்திரிக்கு.”

முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும், எலும்பில் ஏதாவது விரிசல் விட்டிருந்தால் என்ற பயம். பாயின் வீட்டம்மாதான் என்னைத் தேற்றினார். “நீ ஏன்மா அழுகுற? இவுக எப்பவும் இப்படித்தான். வீட்டுக்கு ரெண்டு சாமான் வாங்கிட்டு வாங்கன்னா ஒண்ண மறந்துட்டு வருவாக. கடையில நாப்பது பேரு தின்ன கணக்கு மட்டும் எழுதாம நிக்கும்.”

அது உண்மை. பாய் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பிரியாணிக் கடையில் சப்ளையர். பெரிய கடை இல்லை. பன்னிரண்டு டேபிள். அதில் ஜன்னல் ஓரமாக இருந்த நாலும் பாயுடையவை. அவரை எனக்கு எங்கள் ஹாலுக்கு வருவதற்கு வெகு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் வேடசந்தூரில் நூல் மில்லில் இருந்த காலத்தில், போனஸ் கொடுத்த அன்று ஏழு பெண்கள் சேர்ந்து மில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அந்தக் கடைக்குப் போனோம். ஏழு பேருக்கும் வெளியே உட்கார்ந்து தின்று பழக்கமில்லை. ஒருத்தி குஸ்கா என்பாள், பிறகு பிரியாணி என்பாள், விலையைக் கேட்டு மறுபடி குஸ்கா என்பாள். ஒருத்திக்கு வெங்காயம் ஆகாது. ஒருத்திக்கு லெக் பீஸ்தான் வேண்டும். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. எல்லாம் கேட்டு முடித்து, சமையல்கட்டைப் பார்த்து நடந்துகொண்டே ஒரே மூச்சில் கத்தினார். திரும்பி வரும்போது இடது கையில் முழங்கை வரைக்கும் நாலு தட்டு, வலது கையில் மூன்று. யாரைப் பார்த்தும் ‘இது யாருக்கு’ என்று கேட்கவில்லை. ஒரு தட்டுகூட மாறிப் போகவில்லை.

அந்தக் கடையில் பில் எழுதுகிற வழக்கம் கிடையாது. சாப்பிட்டு எழுந்து போகும்போது சப்ளையர் நின்ற இடத்திலிருந்தோ நடந்துகொண்டோ கல்லாவைப் பார்த்துத் தொகையைக் கத்துவார். கல்லாவில் அதைக் காதில் வாங்கிக் காசு வாங்கிக்கொள்வார்கள். யாருடைய தொகை என்று தெரிய அடையாளம் சொல்ல வேண்டும். மற்ற சப்ளையர்கள் “சொட்டத்தல நூத்தம்பது”, “குண்டு ஆளு இருநூறு” என்பார்கள். பாய் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “கட்டம் போட்ட சட்டை”, “ஊதாச் சேலை அம்மா”, இப்படித்தான். பின்னாளில் நான் இதைக் கேட்டபோது, “சாப்பிட்டு எந்திரிச்சுப் போற மனுசன் நல்ல பேரோட போகணும் தங்கச்சி” என்றார். தொகையை மட்டும் சொல்லவும் மாட்டார். முதலில் சாமான் எல்லாம் சொல்லி, பிறகுதான் தொகை. “தின்னதுக்குக் கேக்குறானா, திங்காததுக்குக் கேக்குறானான்னு வந்தவுகளுக்கு ஒரு சந்தேகம் வரக்கூடாதுல்ல?”

விழுந்த மறுநாள் டாக்டரம்மா என்னை ஏசுவார் என்று காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டைப் படித்துவிட்டு, “நல்ல வேலை பண்ணுனீங்க்கா” என்றார். நக்கல் என்று நினைத்தேன். நக்கல் இல்லை.

“பாய், இங்க வாங்க. உங்க தலைக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு சொல்றேன். முந்தியெல்லாம் நடக்கறதுக்குன்னு நீங்க யோசிச்சதே இல்லீங்க. காலு பாட்டுக்கு நடக்கும், தலை பாட்டுக்கு ஆர்டரைப் பாக்கும். இப்ப ஒவ்வொரு எட்டுக்கும் தலைதான் வேலை செய்யணும். மத்தியானக் கூட்டம், ஒரே சப்ளையர். ரெண்டு பக்கத்துல இருந்தும் கூப்பிட்டா எப்படிங்க?”

“மத்த சப்ளையர் எல்லாம் எங்க போனானுக?”

“லீவுங்க.”

“சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டவன மறுபடி சேக்கக் கூடாது. ஆள மாத்திருங்க டாக்டரம்மா.”

“மாத்த முடியாதுங்க. இருக்கறவனைத்தான் பழக்கணும்.”

பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, அந்த மஞ்சள் கோட்டில் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து நடக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்க வேண்டும். எனக்கு உட்கார்ந்துகொண்டு கழிக்கவே வராது. “தொண்ணூத்தி மூணு… எம்பத்தி…” என்று வந்தேன். தரை விரிப்பின் ஓரம் காலில் தட்டியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, சமாளித்து நின்றுவிட்டேன். எண் எங்கே போனதோ தெரியவில்லை.

“எம்பத்தாறு தங்கச்சி” என்றார் பாய், நாற்காலியில் உட்கார்ந்தபடி. வாட்ச்மேன் கட்டிலில் கிடந்து சிரித்தார்.

“பாத்தீங்களா?” என்றார் டாக்டரம்மா. “அக்காவுக்குக் கால் தடுமாறுச்சு, கணக்கை விட்டுட்டாங்க. காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்லா மனுசரும் அப்படித்தாங்க பண்ணுவாங்க. நீங்க நேத்து என்ன பண்ணுனீங்க? காலை விட்டுட்டுக் கணக்கைப் பிடிச்சீங்க.”

பாய் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு, “அதத்தான டாக்டரம்மா இம்புட்டு வருசமாப் பழகியிருக்கேன்” என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஹால் ஹோட்டலாக மாறியது. ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் பாய்க்குக் கோபம் வந்தது. “நான் என்ன ஸ்கூல் பயலா?” என்பார். அதனால் டாக்டரம்மா ஆர்டரே கொடுக்க ஆரம்பித்தார். ஒரு ட்ரே, அதில் பிளாஸ்டிக் டம்ளரில் பாதித் தண்ணீர். கட்டில்களுக்கு பாயே நம்பர் வைத்தார். வாட்ச்மேன் ரெண்டாம் நம்பர். யார் என்ன கேட்டார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டு, ட்ரேயைச் சுமந்து, கோட்டில் நடந்து போய், வாயால் சொல்லிக்கொண்டே ‘பரிமாற’ வேண்டும்.

வாட்ச்மேன் வம்புக்காரர். “எனக்கு நாலு பரோட்டா, சால்னா தனியா, அதுல ஒரு பரோட்டா கொத்தி” என்பார். பாய் பாதி தூரம் போனதும், “கொத்த வேணாம்ப்பு, வீச்சு” என்று மாற்றுவார்.

“வீச்சு ஒண்ணு” என்று பாய் சொல்லும்போது ட்ரே சாயும். தண்ணீர் கொட்டும். சில நாள் நான் பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் ஆர்டர் மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை. வீச்சு ஒன்று, பரோட்டா மூன்று, சால்னா தனி.

“பாய், ஆர்டர் போனாப் போகட்டுங்க. காலைப் பிடிங்க.”

“ஆர்டர் போனா அப்புறம் நான் எதுக்கு டாக்டரம்மா?”

“விழுந்துட்டா?”

“விழுந்தா எந்திரிச்சுருவேன். ஆர்டர் மாறிப்போனா அந்த மனுசன் ஒரு வாய் வச்சுட்டு மூஞ்சியச் சுளிப்பான் பாருங்க, அத எந்த மருந்து வச்சு ஆத்துவீங்க?”

இந்த இடத்தில்தான் டாக்டரம்மாவும் பாயும் தினமும் முட்டிக்கொள்வார்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சும் சரி என்றுதான் படும். மில்லில் ஓடுகிற மிஷினில் இழை அறுந்தால், விரல் போனாலும் பரவாயில்லை என்று கையை விட்டு முடி போட்ட பெண்களை எனக்குத் தெரியும். வேலை அப்படி உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

எனக்கும் ஒரு பயிற்சி நடந்தது. என் வாய்தான் காரணம். யார் நடந்தாலும் என் வாயிலிருந்து “பாத்து, பாத்து” என்று தானாக வரும். “அந்த வார்த்தையே ஒரு வேலைங்க்கா. நீங்க பாத்துன்னா அவங்க தலை உங்களுக்குப் பதில் சொல்லப் போயிருது, கால் தனியா நிக்குது” என்று டாக்டரம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். நிற்கவில்லை. கடைசியில் ஒரு நாள், பாய் நடக்கும்போது நான் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். கன்னம் உப்ப பெல்ட்டுக்குப் பின்னால் நின்றேன். பாய் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, ஜிலேபி மீனு மாதிரி நிக்கிற?”

சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரை அவர் சட்டையிலேயே துப்பிவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே அவர் தடுமாறாமல் நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பிறகுதான் அது உறைத்தது.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு வைக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டதில் பாய்க்கு மன வருத்தம். பகலில் கடை மூடியிருக்கும். பாய் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், சமையல்கட்டிலிருந்து ஜன்னல் ஓரம் வரைக்கும் வெறும் ட்ரேயோடு நடந்திருக்கிறார். “காலி டேபிளுக்கெல்லாம் ஆர்டர் எடுக்குறாக. என்னைய வேற உக்கார வச்சு என்ன வேணும்னு கேக்குறாக. கலியாணமான நாள்ல இருந்து இன்னிக்குத்தான் என்ன வேணும்னு கேட்டிருக்காக” என்று வீட்டம்மா எங்களிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் மறக்கவில்லை.

பெருநாள் முடிந்து சின்ன முதலாளி ஒரு நாள் எங்கள் ஹாலுக்கே வந்தார். பழைய முதலாளியின் மகன். பாய் தோளில் தூக்கி வளர்த்த பையன்தான், இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுசன். பாய் படுத்திருந்த மாதங்களுக்கும் பாதிச் சம்பளம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“மாமு, பார்சல் டோக்கன் குடுக்குற சீட்டு காலியா இருக்கு. ஃபேனுக்குக் கீழ. உக்காந்தபடி டோக்கன் கிழிச்சாப் போதும். அதே சம்பளம்.”

“ஜன்னல் வரிசைக்கு யாரு?”

“வேற ஆளு போட்டுருக்கேன் மாமு.”

“எழுதித்தான எடுக்குறான்?”

பாய் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நின்றார். “ஒரு மத்தியானம் குடு தம்பி. ஜன்னல் வரிசை நாலும். தட்டு விழுந்தாலோ, நான் விழுந்தாலோ, கணக்கு ஒண்ணு தப்புனாலோ, நானே போய் டோக்கன் சீட்டுல உக்காந்துக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“எதுக்கு மாமு இந்த வீம்பு?”

“நாலு தட்டு அடுக்க மாட்டேன். வலது கையில ஒரு ட்ரே, அம்புட்டுத்தான். டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்க.”

முதலாளி டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? எனக்கு அப்போதே கண்ணுக்குள் எல்லாம் விழுந்து உடைந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா மெதுவாக, “ஒரு மத்தியானம் பாக்கலாமுங்க” என்றார். பிறகு பாயிடம் தனியாகச் சொன்னார்: “ஏதாச்சும் ஒண்ணு போகணும்னு வந்தா எதை விடுவீங்க பாய்?” பாய் செருப்பை மாட்டினார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நானும் டாக்டரம்மாவும் சாப்பிடப் போனோம். ஜன்னல் ஓரம், கடைசி டேபிள். பாய் வெள்ளைச் சட்டையில் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகத்தில் எங்களைத் தெரிந்த அடையாளமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, “என்ன சாப்பிடுறீங்க?” என்றார். இடது கை வலது கைக்கு அடியில் இருந்தது. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வலது கை அதை அழுத்திப் பிடித்திருப்பது தெரியும்.

ரெண்டு சிக்கன் பிரியாணி, ஒரு சுக்கா. டாக்டரம்மாதான் சொன்னார். பக்கத்து டேபிளில் நாலு லோடுமேன்கள். அதற்கு அடுத்ததில் ஒரு குடும்பம். முதல் டேபிளில் ஒரு ஆள் போனில் பேசிக்கொண்டே ஆர்டரை மாற்றிக்கொண்டிருந்தார். பாய் எல்லாவற்றையும் கேட்டார். உடனே நடக்கவில்லை. நின்றபடியே சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார். கத்தி முடித்த பிறகு நடந்தார். முன்பு நடந்துகொண்டே கத்துகிற ஆள். டாக்டரம்மா என் காலை டேபிளுக்கு அடியில் தட்டினார்.

இரண்டு டிரிப், மூன்று டிரிப். ட்ரே சாயவில்லை. ஒரு தட்டும் மாறவில்லை. வேகம் மட்டும் பழைய வேகம் இல்லை. லோடுமேன் ஒருத்தர், “என்ன பாய், மாப்பிள்ளை நடை நடக்குறீங்க?” என்றார். “அவசரமா தின்னா அஜீரணம்ப்பு” என்றார் பாய், ட்ரேயை வைத்துவிட்டு நின்ற பிறகு.

நான் பாதிச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் தட்டைப் பார்த்துவிட்டு பாய் வந்தார். “தொட்டுக்க வெஞ்சனம் எதும் வேணுமா?” ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது சொல்லாவிட்டால் அவருக்குக் குறையாக இருக்குமோ என்று, “ஒரு கலக்கி” என்றேன். முட்டையைக் கல்லில் ஊற்றி, முழுக்க வேகாமல் சுருட்டி எடுப்பார்களே, அது. சூடாக வந்தது. அதைத்தான் சாப்பிட்டேன்.

கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது நாங்கள் எழுந்தோம். அதே நேரம் பாய் சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். ட்ரேயில் இரண்டு பிரியாணி, நிறைய சால்னா ஊற்றிய ஒரு கிண்ணம். நாங்கள் கல்லாவுக்குப் போவதைப் பார்த்தார். எங்கள் கணக்கைச் சொல்லியாக வேண்டும். முதலாளி தலையை நிமிர்த்திக் காத்திருந்தார்.

“ஜன்னலோரம் கடைசி, ரெண்டு தங்கச்சிக! ரெண்டு சிக்கன் பிரியாணி, ஒரு சுக்கா…”

முதல் டேபிளில் போன் பேசிக்கொண்டிருந்த ஆள் பார்க்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அது பாயின் வழியில், பாயின் இடது பக்கத்தில் வந்து நின்றது.

பாய் பேச்சை நிறுத்தினார்.

அவர் பாதிக் கணக்கில் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் வாயில் ‘பாத்து’ வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். கடை முழுக்கச் சத்தம், ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாய் இடது காலை எடுத்தார். பாதி எடுத்து, இடம் போதாது என்று திரும்ப அதே இடத்தில் ஊன்றினார். உடம்பின் பாரத்தை மெதுவாக அதன்மேல் கொண்டுவந்தார். வலது காலை எடுத்து நாற்காலிக்கு அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இடதை இழுத்துச் சேர்த்தார். சால்னா கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் வந்து திரும்பி அடங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு எட்டு நடந்து போய் லோடுமேன்கள் டேபிளில் தட்டுகளை வைத்தார். கிண்ணத்தை வைத்தார். நிமிர்ந்தார்.

“நானூத்தி எம்பது!”

முதலாளி பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா நீட்டிய ஐந்நூறை வாங்கி, இருபதைத் திருப்பிக் கொடுத்தார். “மாமு,” என்று அங்கிருந்தே கூப்பிட்டார், “நாளைக்கும் ஜன்னல் வரிசைதான்.” பாய் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். லோடுமேன்கள் வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மனதுக்குள் கூட்டினேன். பிரியாணி நூற்றி எண்பது, ரெண்டு முன்னூற்று அறுபது. சுக்கா நூற்றி இருபது. மூன்று தரம் கூட்டினேன். வாயைத் திறக்கப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மத்தியான வெயிலில், ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் நடுத்தெருவில் நின்று அழுகிறார். சிரிப்பும் வருகிறது.

“விட்டுட்டாருங்க்கா! கலக்கியை விட்டுட்டாருங்க!”

பாதிச் சோற்றோடு எழுந்து வந்த எனக்கு அப்படி வயிறு நிறைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக பாய் ஜன்னல் வரிசையைப் பார்த்தார். விழவில்லை. பிறகு கரூரில் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்கள் நடக்கப் பயந்தால் அவர் கதையைச் சொல்வேன். எங்கள் ஹாலில் நடை பழகிய ஆள் என்று சொல்லும்போது எனக்கே கழுத்து நிமிரும். கலக்கியைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காசைக் கல்லாவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று பல தடவை அந்தக் கடை வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் ஒரு கணக்கு தப்பியது தெரிந்துவிடும். பாய் காதுக்குப் போனால் அவர் மனசு ஆறாது. அடுத்தவர் காசு கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஆனால் இதைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. முதலாளிக்கு நான் தரவேண்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு கலக்கி, இருபத்தைந்து ரூபாய்.